கடலுக்கு அப்பாலுள்ள பிளவும் கரையில் வாழும் நாமும்

“நமது நாட்டில் பூமியதிர்ச்சி வராது. அல்லாஹ் நம்மைப் பாதுகாத்து வைத்திருக்கிறான்.” இந்தப் பேச்சைப் பெரியவர்களிடமிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். இரண்டாவது வாக்கியத்துக்கு ஆமீன் சொல்கிறேன். முதலாவது வாக்கியத்தை அப்படியே ஏற்க எனக்கு முடியவில்லை. அது பாதி உண்மை. கரையோர மக்களுக்குப் பாதி உண்மை ஆபத்தானது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் கருத்து.

முதலில் அந்தப் பாதி உண்மையைப் பார்ப்போம். நமது தீவின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைமையான பாறைகளால் ஆனது. உலகில் மீன்களோ மரங்களோ தோன்றுவதற்கு முன்னரே உருவான பாறைகள் அவை. இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா ஆகியவற்றோடு ஒன்றாகக் கொண்டுவானா என்ற பெருங்கண்டத்தில் ஒட்டியிருந்த நிலத்துண்டுதான் இலங்கை. அந்தக் கண்டம் உடைந்தபோது நாம் இந்தியத் தகட்டின் மீது ஏறி வடக்கு நோக்கிப் பயணித்தோம். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அந்தத் தகடு ஆசியாவோடு மோதியது. இமயமலை எழுந்தது. மோதலின் அடி முழுவதும் வடக்கிலே விழுந்தது. நாமோ தகட்டின் நடுப்பகுதியில், ஓரங்களிலிருந்து வெகு தொலைவில் இருந்துகொண்டோம். பெரும் பூமியதிர்ச்சிகள் பெரும்பாலும் தகடுகளின் ஓரங்களில் நிகழ்வதால் நேபாளமும் பாகிஸ்தானும் குலுங்கும்போது நாம் அமைதியாக இருக்கிறோம்.

அமைதி என்றால் முழு அமைதியும் அல்ல. 1615 ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்பில் வீடுகள் இடிந்து பலர் இறந்ததாகப் போர்த்துக்கேயர் காலக் குறிப்பு ஒன்று கூறுகிறது. அண்மையில், 2020 ஓகஸ்ட் மாத இறுதியில் கண்டி திகன பகுதியிலும், 2023 பெப்ரவரியில் புத்தல, வெல்லவாய பகுதிகளிலும் சிறிய அதிர்வுகள் உணரப்பட்டன. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம் பல்லேகல, ஹக்மன, மகாகனதராவ, அம்பாறையின் புத்தங்கல ஆகிய இடங்களில் அதிர்வுமானிகளை வைத்துக் கவனித்து வருகிறது. இவ்வதிர்வுகள் சிறியவை. அவற்றைப் பெரிதுபடுத்தி எவரையும் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. நமக்கு உண்மையான ஆபத்துத் தரும் பிளவு நமது காலடியில் இல்லை. அது கடலுக்கு அப்பால் இருக்கிறது.

பிளவு என்று நான் சொல்வது வெறும் வெடிப்பை அல்ல. பாறையின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று உரசி நகரும் இடத்தையே பிளவு என்கிறோம். இன்றும் நகர்ந்துகொண்டிருக்குமாயின் அது உயிர்ப்புள்ள பிளவு. சுமாத்திராவுக்கு மேற்கே தொடங்கி நிக்கோபார், அந்தமான் தீவுகள் வழியாக மியன்மார் வரை அப்படியொரு பெரும் பிளவு கடலடியில் நீண்டு கிடக்கிறது. அங்கே இந்து சமுத்திரத்தின் அடித்தளம் கிழக்கிலுள்ள தகட்டின் கீழே சரிந்து நுழைகிறது. சுமாத்திராப் பக்கத்தில் அதன் வேகம் வருடத்துக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர். நமது விரல் நகம் வளரும் வேகத்தோடு ஒப்பிடக்கூடிய வேகம்தான்.

இந்த மெதுவான வேகத்தைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. உரசும் இரு பக்கங்களும் வழுக்கிச் செல்வதில்லை, இறுகப் பூட்டிக்கொள்கின்றன. கீழே போகும் தகடு மேலே இருக்கும் தகட்டின் விளிம்பையும் தன்னோடு இழுத்து வளைக்கிறது. எளிய கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். வருடத்துக்கு 5 சென்ரிமீற்றர் என்றால் இருநூறு ஆண்டுகளில் 10 மீற்றர். அவ்வளவு நகர்வும் நடக்காமல் கடனாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஒருநாள் பூட்டு உடைகிறது. கடன் முழுவதும் சில நிமிடங்களில் தீர்க்கப்படுகிறது. வளைந்திருந்த விளிம்பு துள்ளி எழும்போது அதற்கு மேலே நிற்கும் கடல்நீரும் சேர்ந்து எழுகிறது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான். அப்போதைய இலங்கை நேரப்படி காலை 6.58க்குச் சுமாத்திராவின் வடமுனைக்கு அருகே பூட்டு உடையத் தொடங்கியது. அது வடக்கு நோக்கிக் கிழிந்து சென்ற தூரம் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர். கிழிந்து முடிய எட்டுப் பத்து நிமிடங்கள் எடுத்தன. சில இடங்களில் பாறை 15 மீற்றருக்கும் அதிகமாக நகர்ந்தது. பூமியதிர்ச்சியின் பருமன் 9.1 அல்லது அதற்குச் சற்று மேல் என்று கணிக்கப்பட்டுள்ளது. பல நாடுகளிலும் சேர்த்து இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். நமது நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேல். அவர்களில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் அம்பாறை மாவட்டத்தவர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்ற பெயர்களைக் கேட்டாலே நமது உம்மாமாரின் கண்கள் இன்றும் கலங்குகின்றன.

இந்த இடத்தில் பிளவின் புவியியலை நாம் கவனிக்க வேண்டும். நமது கரைக்கும் பூமியதிர்ச்சி தொடங்கிய இடத்துக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். அவ்வளவு தூரம் தள்ளியிருந்தும் நாம் ஏன் இத்தனை உயிர்களை இழந்தோம்? அதேவேளை, கடலோரத்திலேயே கிடக்கும் பங்களாதேஷ் ஏன் மிகக் குறைந்த இழப்போடு தப்பியது? விடை பிளவு நீளும் திசையில் இருக்கிறது. கடலடி எழும்போது அலை எல்லாத் திசைகளிலும் ஒரே வலுவோடு செல்வதில்லை. பிளவு நீண்டு கிடக்கும் கோட்டுக்குக் குறுக்கான திசையிலேயே அதன் பெரும் வலு செல்கிறது. 2004இல் உடைந்த பகுதி தெற்கிலிருந்து வடக்காக நீண்டது. எனவே அலையின் வலு கிழக்கே தாய்லாந்தையும் மேற்கே இலங்கை, இந்தியக் கரைகளையும் நோக்கிப் பாய்ந்தது. வடக்கேயிருந்த பங்களாதேஷ் அந்தக் கோட்டின் நுனியில் நின்றதால் அடி குறைந்தது. ஓர் ஊருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அந்த ஊரின் மண்ணைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. எங்கோ இருக்கும் பிளவு எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

“அது ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது. ஒருமுறை நடந்துவிட்டது. இனி நமது காலத்தில் வராது” என்ற அடுத்த பேச்சும் ஊரில் உண்டு. இதற்குப் பதில் சொல்ல நமது ஞாபகம் போதாது. பெரியவர்களின் ஞாபகமும் போதாது. மண்ணின் ஞாபகத்தைக் கேட்க வேண்டும்.

சுனாமி கரைக்கு வரும்போது கடல் மணலைச் சுமந்து வந்து உள்நாட்டுச் சேற்றின் மீது விரித்துவிட்டுப் போகிறது. பின்னர் அதன்மேல் மீண்டும் சேறு படிகிறது. அதனால் களப்புகளின் அடியில், புத்தகத்தின் பக்கங்களைப் போல, சேறும் மணலும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஹம்பாந்தோட்டையின் கரகன் களப்பில் ஆய்வாளர்கள் குழாய் இறக்கி மண்ணை எடுத்துப் பார்த்தார்கள். 2004இன் மணல் அடுக்குக்குக் கீழே மேலும் ஏழு பழைய சுனாமி அடுக்குகளைக் கண்டார்கள். ஏறத்தாழ 6,700 ஆண்டுகளுக்கும் 2,400 ஆண்டுகளுக்கும் இடைப்பட்டவை அவை. சில அடுக்குகளுக்கு இடையில் இருநூறு ஆண்டுகளுக்கும் குறைவான இடைவெளி. ஓரிடத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளி.

தாய்லாந்தின் பிரா தொங் தீவிலும் இதே கதைதான். அங்கே 2004க்கு முந்திய மணல் அடுக்கின் வயது 550 முதல் 700 ஆண்டுகள். அச்சே கரையோரக் குகையொன்றில் கிடைத்த பதிவு இன்னும் வியப்பானது. ஒவ்வொரு சுனாமியும் குகைக்குள் மணலைக் கொண்டுவந்து போட, அடுத்த சுனாமி வரும்வரை வௌவால்களின் எச்சம் அதன்மேல் படிந்து மூடியிருக்கிறது. 7,400 ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கி 2,900 ஆண்டுகளுக்கு முன்னர் வரை குறைந்தது 11 சுனாமிகள் அங்கே பதிவாகியுள்ளன. ஒருகட்டத்தில் ஒரே நூற்றாண்டுக்குள் நான்கு சுனாமிகள். இன்னொருகட்டத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றுகூட இல்லை.

இதிலிருந்து நான் விளங்கிக்கொள்வது இதுதான்: இந்தப் பிளவு பஸ் நேரசூசி வைத்து ஓடவில்லை. “இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை” என்று சராசரி போட்டு நிம்மதியாக உறங்குவதற்கு அது இடம் தரவில்லை. அது நமது பேரப்பிள்ளைகளின் காலத்துக்கும் வராமல் போகலாம். நாம் பாடசாலையை விட்டு வெளியேறுவதற்கு முன்னரும் வரலாம். நாளைக் குறிக்க எந்த விஞ்ஞானியாலும் முடியாது. இடத்தைக் குறிக்க மட்டும் முடியும்.

இடத்தைக் குறிப்பதில் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறார்கள் என்பதற்குச் சுமாத்திராவின் பவளங்கள் சாட்சி. மேற்குக் கரையோரத் தீவுகளில் வளரும் சிலவகைப் பவளங்கள் வற்றுக் கடல்மட்டம் வரைதான் மேல்நோக்கி வளரும். தீவு தாழ்ந்தால் பவளம் உயர்ந்து வளரும். தீவு எழுந்தால் வெளியே தெரியும் பகுதி செத்துப்போகும். மரத்தின் வளையங்களைப் போல அவற்றுக்கும் ஆண்டு வளையங்கள் உண்டு. கெரி சீ என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரது இந்தோனேசிய சகாக்களும் மெந்தாவாய் தீவுகளின் பவளங்களை அறுத்துப் படித்து எழுநூறு ஆண்டுக்காலக் கதையை எழுதினார்கள். அங்கே ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை பெரும் பூமியதிர்ச்சிகள் கூட்டமாக வந்திருக்கின்றன. கடைசிக் கூட்டம் 1797இலும் 1833இலும் வந்தது. 2007 செப்டெம்பரில் 8.4 பருமனில் ஒன்று அங்கே நிகழ்ந்தது. ஆனால் சேர்ந்திருந்த நெருக்கத்தின் ஒரு பகுதியே அதில் வெளிப்பட்டது. பாதாங் நகரத்து மக்கள் மீதிக் கடனை எண்ணியபடிதான் இன்று வாழ்கிறார்கள். நமது மேற்குத் திசையிலும் பாகிஸ்தானின் மக்ரான் கரைக்கு அப்பால் இன்னொரு பிளவு இருக்கிறது. அது 1945 நவம்பரில் உடைந்து அரபிக்கடலில் சுனாமியை எழுப்பியது. கிழக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலும் போதாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எல்லாப் பெரிய பூமியதிர்ச்சியும் சுனாமியைத் தருவதில்லை என்பதும் பிளவைப் படித்தால்தான் புரியும். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 பருமனில் ஒன்றும், இரண்டு மணித்தியாலங்களில் 8.2 பருமனில் இன்னொன்றும் நிகழ்ந்தன. நமது கரையோரங்களில் எச்சரிக்கை விடுக்கப்பட்டது; மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். அழிவு தரும் அலை வரவில்லை. “வீணாக ஓட வைத்துவிட்டார்கள்” என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். அன்று உடைந்தவை தகட்டின் உட்பகுதியிலுள்ள பிளவுகள். அவற்றில் பாறை பக்கவாட்டில் நகர்ந்தது, மேலே எழவில்லை. அதனால் கடல்நீர் பெரிதாகத் தூக்கப்படவில்லை. ஆனால் அந்த விபரம் முதல் சில நிமிடங்களில் எவருக்கும் உறுதியாகத் தெரியாது. எச்சரிக்கை கொடுப்பவர் அதுவரை காத்திருக்க முடியாது. எனவே அன்றைய ஓட்டத்தை வீண் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்தமுறை ஓடாமல் இருந்துவிடுவதே உண்மையில் வீணாகும்.

இனி மார்க்கத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு பேச்சுக்கு வருகிறேன். இதைத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். என்றாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை. சுனாமி இன்ன ஊராரின் பாவத்துக்கு இறங்கிய தண்டனை என்று சிலர் சொல்கிறார்கள். நீரில் மூழ்கியும், கட்டடம் இடிந்து விழுந்தும் மௌத்தாகும் முஃமின்களுக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டு என்று நமது மார்க்கம் கற்றுத் தருகிறது. பால்குடி மாறாத பிள்ளைகளும் அன்று கடலோடு போனார்கள். அவர்களைப் பற்றி அப்படியொரு தீர்ப்பைச் சொல்ல நமக்கு என்ன உரிமை? பூமி நடுங்குவதைக் காணும்போது மறுமையை நினைத்து நெஞ்சம் நடுங்குவது ஈமான். பக்கத்து ஊரைச் சுட்டிக்காட்டுவது ஈமான் அல்ல.

அல்லாஹ் வானத்தையும் பூமியையும் ஒழுங்கோடு படைத்திருக்கிறான். அந்த ஒழுங்கைக் கவனிப்பதும் சிந்திப்பதும் நமக்குப் பணிக்கப்பட்ட கடமை. நமது முன்னோர்கள் அதைச் செய்தார்கள். 1505இல் வபாத்தான எகிப்தின் பேரறிஞர் இமாம் ஜலாலுத்தீன் அஸ்ஸுயூத்தி பூமியதிர்ச்சிகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார். எந்த ஆண்டில், எந்த ஊரில், என்ன சேதம் என்று தமக்கு முந்திய பல நூற்றாண்டுகளின் பூமியதிர்ச்சிகளை அதில் வரிசைப்படுத்தினார். ஷாம் தேசத்திலும் துருக்கியிலும் எந்தப் பிளவு எப்போது உடைந்தது என்பதைக் கண்டறிய இன்றைய ஆய்வாளர்கள் இத்தகைய அரபு ஏடுகளையே புரட்டுகிறார்கள். 1114இல் மரஷ் நகரும் 1138இல் ஹலப் நகரும் இடிந்த செய்தி அவ்வாறுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதே மரஷ்தான் 2023 பெப்ரவரி 6ஆம் திகதி மீண்டும் இடிந்த கஹ்ரமன்மராஷ். அங்கே பிளவு இருப்பது தெரியும். அதன் வரலாறும் தெரியும். தெரிந்ததைச் சுவரிலும் தூணிலும் சரியாக இறக்காத கட்டடங்களே ஆயிரமாயிரம் பேரை நசுக்கின. அறிவு ஏட்டோடு நின்றுவிட்டால் அது எவரையும் காப்பாற்றாது. ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழியை நாம் சிறுவயது முதலே அறிவோம். தவக்குல் வைப்பதற்கு முன்னர் கட்ட வேண்டிய கயிறு இது.

அறிவு ஏட்டில் இல்லாமலேயே ஊரைக் காப்பாற்றியதற்கும் ஓர் உதாரணம் உண்டு. இலக்கியத்தை நேசிக்கும் நாம் அதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். சுமாத்திராவுக்கு மேற்கே சிமுலுவே என்றொரு தீவு. அங்கு வாழ்பவர்கள் நம்மைப் போன்ற முஸ்லிம்கள். மீன்பிடியும் தென்னையும் வயலும் அவர்களது வாழ்வு. 1907இல் அந்தத் தீவைச் சுனாமி தாக்கிப் பலர் இறந்தார்கள். தப்பியவர்கள் அதற்குத் தமது மொழியில் “ஸ்மொங்” என்று பெயர் வைத்தார்கள். பூமி பலமாக ஆடினால், கடல் பின்வாங்கினால், எதையும் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓடு என்பதைக் கதையாகவும் பாட்டாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். 2004இல் பூமியதிர்ச்சி தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருந்த தீவுகளில் ஒன்று அது. அலை வருவதற்குப் பத்து நிமிடம் வரைதான் இருந்தது. ஆட்டம் நின்றதும் “ஸ்மொங், ஸ்மொங்” என்று கத்திக்கொண்டு ஊரே மேட்டுக்கு ஓடியது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களில் அன்று இறந்தவர்கள் ஏழு பேர் என்று பதிவாகியுள்ளது. அந்தப் பாட்டு இல்லாத அச்சே பெருநிலத்தில் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள்.

சிமுலுவே மக்களுக்குப் பத்து நிமிடம். நமக்கு அன்று கிடைத்தது ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேல். ஆழ்கடலில் சுனாமி விமானத்தின் வேகத்தில் வந்தாலும் 1,600 கிலோமீற்றரைக் கடக்க அவ்வளவு நேரம் தேவை. தூரம் நமக்குத் தந்த அருட்கொடை அது. ஆனால் அதற்குள் ஒரு குறையும் ஒளிந்திருக்கிறது. சிமுலுவே மக்களைப் பூமியே குலுக்கி எழுப்பியது. நம்மில் பெரும்பாலானோர் ஆட்டத்தை உணரவேயில்லை. இனியொருமுறை வந்தாலும் அப்படித்தான் இருக்கும். நமக்கு வரும் முதல் எச்சரிக்கை பூமியிலிருந்து அல்ல, வானொலியிலிருந்தோ கைத்தொலைபேசியிலிருந்தோ பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலிருந்தோதான் வர வேண்டும். அது தவறினால் கடல் பின்வாங்குவது மட்டுமே அடையாளம். அப்போது மிஞ்சியிருப்பது சில நிமிடங்களே. அதுகூட எப்போதும் நடக்கும் என்றில்லை. கடல் பின்வாங்காமலே அலை வரவும் கூடும்.

2004இல் எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. இன்று இந்து சமுத்திர நாடுகளுக்குப் பொதுவான எச்சரிக்கை முறை இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும், அதன்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் இருக்கின்றன. கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் நிற்கின்றன. எனினும் கோபுரம் ஒலித்த பிறகு எந்த வீதியால் போவது, படுக்கையிலிருக்கும் மூத்தம்மாவை யார் தூக்குவது, மத்ரஸாவுக்குப் போன தம்பியை யார் அழைத்துவருவது என்பதை எந்தச் சட்டமும் எழுதித் தராது. அதை நாமே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளாகிய நாம் இதில் அதிகம் அக்கறை காட்டக் காரணம் இருக்கிறது. சுனாமிக்குப் பின்னர் அம்பாறை மாவட்டத்தின் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், ஆண்களைவிடப் பெண்களின் இறப்பு வீதம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தெரியவந்தது. அன்று பெண்கள் வீட்டில் இருந்தார்கள். பலருக்கு நீந்தத் தெரியாது. பிள்ளைகளைக் கையிலும் இடுப்பிலும் சுமந்துகொண்டு ஓட முயன்றார்கள். பிளவு ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. நமது வாழ்க்கைமுறை அந்த வேறுபாட்டை உண்டாக்கியது. ஹிஜாபைப் பேணி, பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தில், பெண் பயிற்சியாளரிடம் நீச்சல் கற்கும் வாய்ப்பை நமது ஊர்களில் ஏற்படுத்த முடியாதா? பெற்றோர்களிடம் நான் பணிவோடு கேட்கும் கேள்வி இது. ஆபத்து நேரத்தில் வாப்பாவோ காக்காவோ வீட்டுக்கு வந்து சொல்லும்வரை காத்திராமல், பிள்ளைகளோடு உடனே வெளியேறும் முடிவை வீட்டிலிருக்கும் பெண்ணே எடுக்கலாம் என்பதையும் இன்றே பேசி வைத்துவிட வேண்டும்.

பாடசாலைகளிடமும் எனக்கு வேண்டுகோள் உண்டு. புவித்தகடுகளைப் பற்றிப் புவியியல் பாடத்தில் படிக்கிறோம். பசுபிக்கின் நெருப்பு வளையத்தை வரைந்து புள்ளி எடுக்கிறோம். சுமாத்திரா, அந்தமான் பிளவை நமது கரையோடு சேர்த்து வரையச் சொன்னால் எத்தனை பேரால் முடியும்? ஒவ்வொரு கரையோரப் பாடசாலையின் சுவரிலும் அந்த வரைபடம் தொங்க வேண்டும். ஒவ்வொரு டிசம்பர் 26இலும் நாம் துஆச் செய்கிறோம், மௌனமாக நிற்கிறோம். அவற்றோடு மேட்டுநிலம் நோக்கி ஒருமுறை நடந்து பார்த்து, எத்தனை நிமிடம் எடுத்தது என்று குறித்துக்கொண்டால் மௌத்தானவர்களுக்கு நாம் செய்யும் நன்றிக்கடன் நிறைவாகும். பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் எச்சரிக்கை கிடைத்தவுடன் ஒலிபெருக்கியில் யார் அறிவிப்பது, முஅத்தின் இல்லாத வேளையில் சாவி யாரிடம் இருக்கும் என்பதை எழுத்தில் வைத்திருப்பது நல்லது.

“பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிப் பயங்காட்ட வேண்டுமா?” என்று சில உம்மாமார் கேட்கலாம். சிமுலுவேயில் அது தாலாட்டாகப் பாடப்பட்டது. பிள்ளைகள் அதைக் கேட்டு உறங்கினார்கள். என்ன செய்வதென்று தெரியாதபோதுதான் பயம் பெரிதாகிறது. செய்ய வேண்டியதைச் சிறுவயதிலேயே கற்ற பிள்ளைக்கு அது தெருவைக் கடப்பதுபோல் ஒரு பழக்கமாகிவிடும்.

இன்று பாடசாலையில் படிக்கும் நம்மில் எவரும் 2004இல் பிறந்திருக்கவில்லை. நமக்குச் சுனாமி என்பது மற்றவர்களின் அழுகை. டிசம்பரில் வரும் ஒரு நினைவுநாள். அன்றைய அலையைக் கண்ணால் கண்டவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது. இன்னும் சில பத்தாண்டுகளில் நமது ஊர்களில் அதைக் கண்டவர் எவரும் இருக்கமாட்டார். பிரா தொங் தீவின் மண்ணில் இரு சுனாமிகளுக்கு நடுவே 550 ஆண்டு இடைவெளி கிடக்கிறது. எந்த மனித ஞாபகமும் அவ்வளவு காலம் தாங்காது. எழுத்தும் பாட்டும் பாடமும் தாங்கும்.

ஆகவே, இலக்கிய ஆர்வமுள்ள சகோதரிகளிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டிலும் அயலிலும் உள்ள பெரியவர்களிடம் ஒரு கொப்பியோடு போய் உட்காருங்கள். அலை எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை தரம் வந்தது, முதலில் கடல் உள்வாங்கியதா, தண்ணீர் எந்த வீதிவரை, சுவரில் எந்த உயரம்வரை வந்தது, யார் எந்த வழியால் தப்பினார்கள் என்று கேட்டு, திகதியும் இடமும் பிழையில்லாமல் எழுதுங்கள். அழுதால் நிறுத்திவிடுங்கள்; இன்னொரு நாள் போங்கள். அவ்வாறு சேரும் ஏட்டை நமது நூலகத்தில் வைப்போம். ஸுயூத்தி இமாம் தம் காலத்தவர்க்குச் செய்த வேலையை நமது ஊருக்கு நாம் செய்வதாக அது அமையும். அந்த ஏட்டிலிருந்து பிள்ளைகள் பாடக்கூடிய ஒரு தாலாட்டை எழுதவும் நம்மில் ஒருத்தியால் முடியும், இன்ஷா அல்லாஹ்.